ஏழு சிமந்துரிங்குகள்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். கெட்டி அட்டை, நூற்று நாற்பது பக்கம், அட்டையின் அடியில் தங்க எழுத்தில் ‘வால்டெமார் சிமந்துரிங்’ என்று என் பெயர். சுமத்ராவின் தோபா ஏரிக்கரையில் எங்கள் குலத்தார் வீடு எதற்குள் நுழைந்தாலும் கண்ணாடி அலமாரியில், கல்யாணப் போட்டோவுக்கும் இயேசு படத்துக்கும் நடுவில் அது நிற்கும். யாரும் படிப்பதில்லை. அப்படியே இருந்தால் எனக்கு நல்லது.

எங்கள் பக்கம் ஒருவனைப் பார்த்தால் முதலில் அவன் பெயரைக் கேட்க மாட்டோம், குலத்தைக் கேட்போம். இரண்டு சிமந்துரிங்குகள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தலைமுறையை எண்ணி யார் யாருக்குச் சித்தப்பா என்று முடிவு செய்துவிடுவார்கள். நரைத்த கிழவர் அரைக்கால் சட்டைப் பையனைப் ‘பெரியப்பா’ என்பார், அதில் அவருக்கு வெட்கமே இருக்காது. ஒரே தலைமுறை ஆண்கள் ஒருவரையொருவர் ‘அப்பாரா’ என்போம். ஒரே குலத்து ஆணும் பெண்ணும் உடன்பிறந்தவர்கள் கணக்கு. அவள் எனக்கு ‘இத்தோ’, நான் அவளுக்கு ‘இத்தோ’. கல்யாணம் கட்டி வேறு குலத்துக்குப் போனாலும் அந்த ஒரு சொல் அவளோடு போகும், சாகும்வரை.

ஆனால் வம்சக் கொடியில் ஆண்பிள்ளைகளின் பெயர் மட்டும்தான் ஏறும். மகன் இல்லாதவனின் பெயருக்குக் கீழே கோடு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல் உண்டு, ‘புனு’. பட்டுப்போனவன் என்று அர்த்தம். எதிரியைத் திட்டும்போதுகூட அந்தச் சொல்லை எடுக்கக் கொஞ்சம் கூசும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் எங்கள் குலத்தார் கூடி, பக்கத்துக் குலத்தார் கட்டியதைவிட இரண்டு ஆள் உயரம் அதிகமாக ஒரு நினைவுத் தூண் எழுப்புவது என்று முடிவு செய்தார்கள். முன்னோர்களின் எலும்பைத் தோண்டியெடுத்துத் தூணின் அறைகளில் வைப்பது எங்கள் வழக்கம். அதோடு இந்தத் தடவை ஒரு புத்தகமும் வேண்டும் என்றார் கமிட்டித் தலைவர் மாரிஹோட். மூன்று பஸ் ஓட்டுகிறவர், பாலிகேக்கும் மேதானுக்கும் நடுவே. குலத்தில் பிறந்த ஏழு பெருமக்களின் வாழ்க்கையை எழுத வேண்டும். நான் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். இலவசமாக எழுதக்கூடிய வாத்தியார் வேறு யாரும் குலத்தில் கிடைக்கவில்லை.

ஏழு பேர் பட்டியலைக் கமிட்டியே கொடுத்தது. முதல் சிமந்துரிங், ஏரியைக் கடந்து வந்து ஊரை உண்டாக்கியவர்; தாயக்கட்டையில் அண்ணன்மாரை ஏமாற்றிவிட்டுத்தான் ஓடிவந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், எழுதக்கூடாது என்றார்கள். இரண்டாமவர் டச்சுக்காரனுக்குப் பயந்து மூன்று வருஷம் குகையில் இருந்தார்; அதைப் போராட்டம் என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மூன்றாமவர் முதல் பாதிரியார், தன் அப்பாவின் மந்திர ஏட்டைச் சர்ச் வாசலில் எரித்தவர், எரிப்பதற்கு முந்தின வாரம் ஒரு நகல் எடுத்துக்கொண்டவர். நான்காமவர் கப்பலேறி ஐரோப்பா போய் ஒரு தையல் மெஷினோடு திரும்பினார். ஆறாமவர் வக்கீல். ஏழாமவர் சுதந்திரப் போரில் ஒரு பாலத்தைத் தகர்த்தார். நம் ஆட்கள் இன்னும் கடந்து முடிக்காத பாலம். இதையெல்லாம் பூசி மெழுகி எழுதுவதில் எனக்குச் சங்கடமே இல்லை. குலப் புத்தகம் என்றால் அப்படித்தான், பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் வாத்தியாரைக் கூப்பிடுகிறார்கள்.

இடறியது ஐந்தாமவரிடம்தான். பட்டியலில் ராஜா பாரிதா சிமந்துரிங் என்று இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் ஊர்த்தலைவர். அவரைப் பற்றி எழுத ஒரு மண்ணும் இல்லை. ஜப்பான்காரனுக்குத் தொப்பியைக் கழற்றினார், ஊராரிடமிருந்து நெல்லைப் பிடுங்கினார். நாற்பத்தாறில் கலவரம் வந்தபோது நாலு பேர் அவரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போனார்கள். தோணி திரும்பியது, அவர் திரும்பவில்லை. இவ்வளவுதான் சரித்திரம்.

அதனால் ஐந்தாவது இடத்தில் நான் வேறொரு சிமந்துரிங்கைப் பற்றி எழுதினேன். குரு எல்கானா. எழுத்து தெரிந்த பள்ளி ஆசிரியர் என்பதால் ஊர்த்தலைவர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நாற்பத்து மூன்றில் ரயில்பாதை போடக் காட்டுக்கு நாற்பது ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டான். போனவர்கள் திரும்புவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பாரிதா தனக்குப் பிடிக்காதவர்கள், சொல்லிக் கேட்க நாதியில்லாதவர்கள் என்று நாற்பது பேரைப் பொறுக்கி, பட்டியலைச் சுத்தமாக எழுதித் தரும்படி எல்கானாவிடம் கொடுத்தார். எல்கானா சுத்தமாக எழுதினார். ஆனால் எழுதியது வம்சக் கொடியிலிருந்து. அவர் தாத்தா, தாத்தாவின் தம்பிகள், அம்மை கண்டு செத்தவர்கள், ஏரியில் மூழ்கியவர்கள் என்று செத்துப்போன நாற்பது சிமந்துரிங்குகள். அப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. ஜப்பான் அதிகாரிக்கு எங்கள் பெயர்களில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. முத்திரை குத்தினான். லாரி வர ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் எல்கானா ரகசியமாகச் சொல்லி அனுப்ப, உயிரோடிருந்த நாற்பது பேரும் மலைமேல் ஏறிவிட்டார்கள்.

சந்தைத் திடலில் பெயர் வாசித்தார்கள். ஒருவரும் வரவில்லை. பதினேழாவது பெயருக்கு ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாளாம், ‘அவரு செத்து இருபது வருஷமாச்சே, நான் கூப்பிட்டே வரல’ என்று. அதிகாரி பாரிதாவைப் பார்த்தான். பாரிதா தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்கானாவை நோக்கிக் கையை நீட்டினார். துப்பாக்கிக் கட்டையால் தாடையில் ஒரே அடி.

அந்த நாற்பது பேரில் ஒருவர் என் அப்பா. மலையிலிருந்து இறங்கி வந்தபிறகு அவருக்குக் கல்யாணமாகி, பிறகு நான் பிறந்தேன். அந்தப் பட்டியல் இல்லையென்றால் இந்த வால்டெமாரும் இல்லை, புத்தகமும் இல்லை.

எல்கானாவுக்கு மகன் இல்லை. ஒரே மகள் தியார்மா. அவள் பாலிகே சந்தையில் பொரித்த ஏரிமீன் விற்கிறாள். வேறு குலத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் செத்து, பழையபடி இங்கேயே வந்துவிட்டவள். எழுதுவதற்கு முன் அவளிடம் போய் உட்கார்ந்தேன்.

“எங்கப்பாவப் பத்தி எழுதுறியாமே இத்தோ,” என்றாள், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாப்பது வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சாக்கும், உங்க ஆளுங்களுக்கு.”

“எனக்கு வந்துச்சு. கமிட்டிக்கு வரல.”

“வராது. மீனு விக்கிறவ அப்பன் எப்படி ஞாபகத்துக்கு வருவாரு? எழுதிக்க. எனக்கு அப்ப பத்து வயசு. மூணு நாள் இருந்தாரு. கஞ்சி ஊத்தினா வாயோரமா ஒழுகிடும். தாடை எடப்பக்கம் ரெண்டாப் போயிடுச்சு. பேச முடியல, கையால ஏதோ எழுதிக் காட்டினாரு, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஓடிப்போய் சிலேட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அம்மா தன்னோட உலோஸ் துணியக் கிழிச்சு தாடையத் தூக்கிக் கட்டித்தான் பொதச்சா. சர்ச்சுக்குப் பின்னாடி, சரிவுல.”

“சிமெண்டு சிலுவை இருக்கே, அதுதானே?”

“அதேதான். மழையில அவரு பேரு கரைஞ்சு போச்சு. ‘சிமந்துரிங்’ மட்டும்தான் மிச்சம்.” மீனைத் திருப்பிப் போட்டாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் இத்தோ. அவரத் தூண்ல ஏத்தணும், பேரோட. அடியில இருக்கற அறையா இருந்தாலும் சரி. அவரு பட்டுப்போனவரு இல்லன்னு ஒரு தடவ சத்தமாச் சொல்லணும். செய்வியா?”

“செய்றேன்,” என்றேன். அன்றைக்கு அவள் கொடுத்த இரண்டு மீனையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

கையெழுத்துப் பிரதியைக் கமிட்டி வாசித்தது. மாரிஹோட் என்னைக் கள்ளுக்கடைக்கு வரச்சொன்னார். பின்பக்கம் பலகையில் சதுரங்கம் விரித்திருந்தது. அவர் வெள்ளைக்காயை நகர்த்தியபடியே பேசினார்.

“நல்லா எழுதியிருக்க அப்பாரா. அஞ்சாவது ஆள் கதையப் படிச்சுட்டு என் சம்சாரம் அழுதுட்டா. ஒரே ஒரு திருத்தம். எல்கானான்னு வர்ற எடத்துல எல்லாம் பாரிதான்னு போட்டுடு.”

நான் அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தேன். “எதுக்கு?”

“பாரிதாவோட பேரன் தும்பாக் ஜகார்த்தாவுலருந்து வர்றான். நாலு பஸ்ஸு நெறைய ஜனம். தூணுக்கு உச்சி அறை அவங்க தாத்தாவுக்கு. அவரப் பத்தி ஒண்ணும் எழுத முடியலன்னு நீயே சொன்ன. உச்சியில வைக்கிற ஆளு பேருக்குக் கீழ வெறும் காகிதமா விடுறது?”

“காட்டிக்குடுத்தவரே பாரிதாதான் அப்பாரா.”

“யாரு பாத்தா?”

“சந்தையே பாத்துச்சு.”

“சந்தையில இருந்தவன்ல யாரு உசுரோட இருக்கான்னு கேக்குறேன்.” சிப்பாயை நகர்த்தினார். “இதப் பாரு. நாப்பது பேரக் காப்பாத்தினது உண்மை. காப்பாத்தினவன் ஒரு சிமந்துரிங்ங்கறது உண்மை. முன்னாடி வர்ற பேரு மாறுது, பின்னாடி வர்ற பேரு அதேதானே? புண்ணியம் குலத்த விட்டு வெளியவா போகுது? நம்ம வயல்லருந்து நம்ம வயலுக்கே தண்ணியத் திருப்பி விடுறோம், அவ்வளவுதான்.”

“எல்கானாவ?”

“எல்கானாவுக்கு யாரு இருக்கா? திறப்பு விழாவுல பேரக் கூப்பிட்டா எழுந்து நிக்க ஒரு ஆம்பள வேணும். யாரும் நிக்கலன்னா பாக்கறவன் சிரிப்பான்.”

“தியார்மா இருக்கா.”

“அவ வெளிய போன பொண்ணு. வீட்டுப் பொண்ணுங்களுக்கு அன்னிக்கு எடம் அடுப்படி. வழக்கம் தெரியாதவன் மாதிரி பேசாத.” அப்புறம் குரலைத் தணித்தார். “உனக்கு மனசு ஒப்பலன்னா விடு, தப்பே இல்ல. லகுபோத்தியில நம்ம ஆளு ஒரு வாத்தியார் இருக்கான். காசு வாங்கிக்குவான், ஆனா எழுதிக் குடுப்பான். அட்டையில அவன் பேரு போட்டுக்கலாம்.”

இந்த இடத்தில் நான் எழுந்து பலகையைக் கவிழ்த்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். நான் எழுதியதெல்லாம் அப்படிப்பட்ட சரித்திரம்தானே. நடந்தது வேறு. அட்டையில் லகுபோத்திக்காரன் பெயர் தங்க எழுத்தில் மின்னுவதை நினைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. எல்கானாவுக்காக எரியவில்லை. எனக்காகத்தான் எரிந்தது.

முப்பத்தோரு இடத்தில் எல்கானா என்று இருந்தது. பள்ளிக்கூட டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, வெள்ளை மை தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, மேலே பாரிதா என்று தட்டினேன். எங்கள் எழுத்தில் இரண்டு பெயருக்கும் ஆறாறு எழுத்து. இடம் கச்சிதமாகப் பொருந்தியது. காட்டிக்கொடுத்தவன் இருந்த இடத்தில் ‘யாரோ ஒரு கோழை’ என்று போட்டேன். அதற்கப்புறம் தியார்மா கேட்டபோதெல்லாம், “அச்சுக்குப் போயிருக்கு, பார்க்கலாம்,” என்று சொல்லி மீன்கடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

எலும்பு எடுக்கும் நாள் வந்தது. காலையிலேயே மேளம் தொடங்கிவிட்டது. ஜகார்த்தா ஜனங்கள் கறுப்புக் கண்ணாடியும் தோளில் உலோஸ் சால்வையுமாகச் சரிவில் நின்றார்கள். தும்பாக் நாற்பது வயது, மெதுவான குரல், எல்லோருக்கும் கைகொடுத்துத் தலைமுறை கேட்டுக் கேட்டு முறைவைத்துக் கூப்பிட்டான். நான் அவனுக்குச் சித்தப்பா.

மற்ற முன்னோர்கள் ஒழுங்காக வெளியே வந்தார்கள். பாரிதாவின் இடம் என்று மாரிஹோட் கோடு போட்டுக்கொடுத்த இடத்தில் இடுப்பளவு தோண்டியும் மண்தான் வந்தது. வேறென்ன வரும்? அவர் ஏரிக்கு அடியில் இருக்கிறார். ஜகார்த்தாப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேளக்காரர்கள் அடியைத் தளர்த்தினார்கள். மாரிஹோட் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு எட்டு தள்ளி நின்ற சிமெண்டுச் சிலுவையைக் குனிந்து பார்த்து, துண்டால் பாசியைத் துடைத்தார்.

“சிமந்துரிங்னு போட்டிருக்கு பாருங்க. எடத்தத் தப்பாக் காட்டிட்டேன். இதுதான்.”

தோண்டினார்கள். முழங்கால் ஆழத்திலேயே வந்துவிட்டது. மண்டையோடு, கை கால் எலும்பு, கடைசியாகத் தாடை. இடப்பக்கம் இரண்டாக உடைந்திருந்தது. அதில் மக்கிப்போன நூல் ஒரு சுற்று ஒட்டியிருந்தது.

தியார்மா வீட்டுப் பெண்கள் கூட்டத்தில் தண்ணீர்ச் சட்டியோடு நின்றாள். இப்போது கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனா என்பது வேறு விஷயம், லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல.

தும்பாக்கின் மனைவி அந்தத் தாடையை மஞ்சள் தண்ணீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் கழுவினாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது போல நகத்தால் மண்ணை எடுத்தாள். அழுதாள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வீட்டுப் பெண் என்ற முறையில் தியார்மாவும் வைக்க வேண்டும், முறை சொல்லித்தான் வைக்க வேண்டும். பாரிதா அவளுடைய அப்பாவுக்கு அண்ணன் முறை. தன்னைப் பெற்றவரின் எலும்பைப் பார்த்து அவள், “பெரியப்பா, எங்களை விட்டுட்டுப் போனீங்களே,” என்று அழுதாள். அதுபோல ஒரு ஒப்பாரியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஜகார்த்தாக்காரர்கள் கேசட்டில் பதிவு செய்துகொண்டார்கள்.

எலும்பை வைத்த கூடையைத் தலையில் சுமந்து தூண்வரை நடக்க ஒரு வீட்டுப் பெண் வேண்டும் என்றார்கள். தியார்மா முன்னால் போய்க் குனிந்தாள்.

விருந்தில் எருமைக்கறியும் பன்றிக்கறியும் முறைப்படி பங்கு வைத்தார்கள். எந்த உறவுக்கு எந்தத் துண்டு என்பதில் எங்களுக்குள் கொலையே விழும், அதனால் பெயர் சொல்லிச் சபையில்தான் கொடுப்பது. வீட்டுப் பெண்களுக்கு உரியது கீழ்த்தாடை. அடுப்படியிலிருந்து தியார்மாவைக் கூப்பிட்டார்கள். பன்றித் தாடையை இலையில் வைத்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு, சபைக்குத் தலைவணங்கிவிட்டுப் போனாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பாதி விருந்தில் புத்தகத்தை எல்லோர் கையிலும் கொடுத்து, என் பெயரை மைக்கில் சொன்னபோது எழுந்து நின்று கும்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன். “ஏன் இத்தோ சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? ‘இது புனு’ன்னு திரும்பக் குழியில போட்டு மூடுவாங்க. இப்பப் பாரு, உச்சியில இருக்காரு. எல்லாரையும்விட மேல. பேரு யாருதா இருந்தா என்ன, படுத்திருக்கறது அவருதானே. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதும்.” சாம்பலை எடுத்து அண்டாவைத் தேய்த்தாள். “நீதான் எழுதி வச்சிருக்கியே, புத்தகத்துல. பின்னாடி யாராவது படிச்சா தெரிஞ்சுக்குவாங்க.”

அவள் இன்னும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. நான் கழுவி வைத்த பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு பிரித்துப் பார்த்தாள். வாத்தியார் மகளாயிற்றே. ஒரு நாள் சந்தையில், “அஞ்சாவது கதை படிச்சேன்,” என்றாள். அவ்வளவுதான். மீன் கட்டிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் தூணின் அடியில் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தும்பாக் மறுபடி வந்தான், தேக்குப் பெட்டி ஒன்றோடு. ஜகார்த்தாவில் தன் தோட்டத்தில் தாத்தாவுக்குத் தனியாகக் கல்லறை கட்டியிருக்கிறானாம். பேரப்பிள்ளைகள் வந்து பார்க்க ஏரிக்கரை தூரமாக இருக்கிறதாம். கமிட்டிக்குச் சங்கடம்தான், ஆனால் யார் தடுப்பது? தூணின் அடியில் கூடினோம். ஏணி சாத்தியாகிவிட்டது. அப்போதுதான் தியார்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், மீன் பொரித்த எண்ணெய்க் கறை படிந்த பாவாடையோடு.

“ஏணியில ஏறாதீங்க. அது எங்கப்பா.”

மாரிஹோட் சிரித்தார். “வெயில் ஏறிடுச்சு போல. இத்தோ, வீட்டுக்குப் போ.”

“எல்கானா சிமந்துரிங். தாடை எடப்பக்கம் உடைஞ்சிருக்கும். எங்கம்மா கட்டின துணியோட நூலு இருந்துச்சு, எல்லாரும் பாத்தீங்க. மேல வச்சிருக்கீங்கன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஊரவிட்டு எடுத்துட்டுப் போனா நான் எங்க போய் நிக்கறது?”

“அன்னிக்குப் பெரியப்பான்னு அழுதியே. கேசட்டு இருக்கு, போடட்டுமா?”

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். தியார்மா அவர்களைப் பார்க்கவில்லை. விரலை நீட்டி என்னைக் காட்டினாள். “அவனக் கேளுங்க. அவனுக்குத் தெரியும்.”

தும்பாக் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. அவன் என் பக்கம் வந்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான். ஓரங்கள் மடங்கி, கோடு போட்டு, நிஜமாகவே படிக்கப்பட்ட பிரதி. அப்படி நான் பார்த்த ஒரே பிரதி.

“சித்தப்பா, இத எம்புள்ளைங்களுக்கு நானே படிச்சுக் காட்டியிருக்கேன். பொய்யான ஆளுக்குக் கல்லறை கட்ட எனக்கு ஆசை இல்ல. ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் பட்டியல எழுதினது எங்க தாத்தாவா, இந்த அம்மாவோட அப்பாவா? எங்க தாத்தா இல்லன்னா இப்பவே வெறும் பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுறேன்.”

எவ்வளவு சுலபமாகக் கேட்டான். ஒரே ஒரு வார்த்தை. என் அப்பாவின் உயிர், என் உயிர், எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குக் கடன்பட்டிருந்தது. மாரிஹோட் என்னைப் பார்த்தார். முந்நூறு பேர் பார்த்தார்கள். என்னுடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள், தலைமையாசிரியர் இருந்தார். சொன்னால், புத்தகம் பொய். அட்டையில் இருக்கிறவன் பொய்யன். தங்க எழுத்து வெயிலில் பளபளத்தது.

“புத்தகத்துல இருக்கறதுதான்,” என்றேன்.

ஏணியில் ஏறினார்கள். பெட்டி நிறைந்தது. மூடியை ஆணி வைத்து அடித்தார்கள். தியார்மா அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கார் கிளம்பும்வரை நின்றாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, சண்டைக்காரி மாதிரி இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள்.

“எங்கப்பா செத்தவங்க பேர எழுதி, உசுரோட இருந்த நாப்பது பேரக் காப்பாத்தினாரு. நீ எங்கப்பா பேர அழிச்சு யாரக் காப்பாத்தின, இத்தோ?”

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவர்களோடு சேர்ந்து நடந்தேன்.

சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் அந்தக் குழியை யாரும் மூடவில்லை. மழைத்தண்ணீர் தேங்கித் தவளை கத்துகிறது. சிமெண்டுச் சிலுவையைத் தியார்மா தள்ளுவண்டியில் வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

சந்தையில் மட்டும் தவிர்க்க முடிவதில்லை. அவளைத் தவிர யாரிடமும் நல்ல மீன் கிடையாது. வரிசையில் நின்று என் முறை வரும்போது நிமிர்ந்து பார்க்கிறாள். வெளியூர் டூரிஸ்டுகளிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்கிறாள்.

“என்ன வேணும், சார்?”